ஆயாவின் குரலைப் பதிய எந்த ரெக்கார்டர்?

கேள்வி: 3 நவம்பர் 2024

செஞ்சிப் பக்கம் எங்கள் ஊர். ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் அவர் வாயில் இருக்கிறது. குரல் போவதற்குள் பதிந்துவிட வேண்டும். சித்திரையில் ஊரில் கூத்தும் நடக்கும், அதையும் பிடிக்க ஆசை. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. "32 பிட் ஃப்ளோட் வாங்கிட்டீங்கன்னா வேற எதையும் பார்க்க வேணாம்" என்று கடையில் சொன்னார்கள். சரிதானா? இல்லை, போனே போதுமா?

பதில்: 3 நவம்பர் 2024, இரவு

32 பிட் ஃப்ளோட், அதாவது மிக மெல்லிய ஒலியையும் மிகப் பலத்த ஒலியையும் ஒரே கோப்பில் பிடிக்கும் பதிவு முறை, நல்ல வசதிதான். ஆனால் உங்கள் ஆயா பாடுவது நன்றாகப் பதிவாவதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. மெலிந்த குரலுக்கு மைக்கின் இரைச்சலும், மைக் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதும்தான் முக்கியம். கூத்துக்கு வேறு கணக்கு. இரண்டையும் ஒரே கருவியில் பிடிக்கலாம், 15,000 போதும். ஆனால் மொத்தப் பணத்தையும் ரெக்கார்டரில் போட்டுவிடாதீர்கள். காற்றுச் சத்தத்தைத் தடுக்க மைக் மேல் போடும் காற்றுறைக்கும் ஹெட்ஃபோனுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். விவரமாக நாளை எழுதுகிறேன்.

4 நவம்பர் 2024

சரி, முதலில் அந்த 32 பிட் விஷயம்.

16 அல்லது 24 பிட்டில் பதியும்போது உச்ச அளவு என்று ஒரு கூரை உண்டு. பதிவு அளவைக் (லெவலை) காட்டும் மீட்டரில் அது 0 டெசிபல். சத்தம் அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். கேட்கும்போது கரகரவென்று கிழியும். வெட்டுப்பட்டதைப் பிற்பாடு முழுசாகச் சரிசெய்ய வழியில்லை. அதனால்தான் உச்சம் -12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி லெவலை வைத்துவிட்டு, பாட்டு நடக்கும்போதும் ஒரு கண்ணை மீட்டர் மேலேயே வைத்திருப்போம். 32 பிட் ஃப்ளோட் கோப்பில் அந்தக் கூரை எட்டாத உயரத்தில் இருக்கிறது. 24 பிட்டின் வீச்சு கணக்குப்படி 144 டெசிபல். ஃப்ளோட்டில் 1,500 டெசிபலுக்கும் மேல். இந்தக் கருவிகள் பலவற்றில் ஒரு சேனலுக்கு இரண்டு ஏ-டி கன்வெர்ட்டர்கள் (மைக்கிலிருந்து வரும் மின்னலையை எண்களாக மாற்றும் பாகங்கள்) இருக்கும்: ஒன்று மெல்லிய ஒலியைப் பார்த்துக்கொள்ளும், மற்றது பலத்த ஒலியை. இரண்டையும் சேர்த்துக் கோப்பாக எழுதும். நீங்கள் லெவலே வைக்காமல் பதிந்து, வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவும் உண்மை. கடையில் சொல்லாமல் விட்டது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, மைக்குக்கென்று ஓர் எல்லை உண்டு. கையடக்க ரெக்கார்டர்களில் ஜூம் எச்1 எசென்ஷியலின் மைக் 120 டெசிபல் வரை தாங்கும், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் 125 வரை. பம்பைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு கையை நீட்டினால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விடலாம். ஒலியை வாங்கும் மைக் கேப்சூலிலேயே ஒலி கெட்டுப்போனால் உள்ளே எத்தனை பிட் இருந்தாலும் கெட்டுப்போனதுதான் பதிவாகும்.

இரண்டாவது, உங்களுக்கு முக்கியமானது. மைக்கிலும் அதன் மெல்லிய மின்னலையைப் பெருக்குகிற ப்ரீஆம்பிலும் பிறக்கிற 'ஸ்ஸ்ஸ்' இரைச்சலை 32 பிட் குறைக்காது. ஆயா முணுமுணுப்பாகப் பாடுகிறார், ரெக்கார்டர் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். வீட்டுக்கு வந்து குரலை 30 டெசிபல் ஏற்றினால் இரைச்சலும் அதே 30 ஏறும். எதிரில் இருக்கும் ஆளிடமிருந்து தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். இரண்டு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் 12. அந்த 12-ஐ எந்த விலைக்கும் கடையில் வாங்க முடியாது, எழுந்து போய்க் கிட்டே உட்கார்ந்தால் கிடைத்துவிடும்.

4 நவம்பர் 2024, சாயந்திரம்

போன் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரெக்கார்டர் வந்து சேரும்வரை தாராளமாகப் போனில் பதியுங்கள். எண்பதைத் தாண்டியவர் விஷயத்தில் பார்சலுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஆனால் நிரந்தரமாக அதையே நம்ப வேண்டாம். போனில் வருகிற ரெக்கார்டர் செயலிகள் பல, பேச்சுக்காகத் தானே லெவலை ஏற்றி இறக்கும், 'இரைச்சல்' என்று நினைப்பதை வெட்டும், பிறகு சுருக்கிச் சேமிக்கும். பேசுவதற்கு அது உதவி. பாட்டுக்கு உபத்திரவம். ஒப்பாரியில் ஓர் அடி முடிந்து இழுவை தேய்ந்துகொண்டே போகும் இல்லையா, அந்த இடத்தில் போன் "இது சத்தமே இல்லை" என்று தீர்மானித்துவிடும். மூச்சு வாங்குவதும் விசும்பலும் பாதியில் அறுந்து போகும். அந்த இழுவை இல்லாமல் ஒப்பாரியில் என்ன இருக்கிறது? நடுவில் போன் வந்தால் கதை முடிந்தது என்பது தனி.

6 நவம்பர் 2024

மாடல்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்து, கையில் பிடித்து, பதிந்து பழகியவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சோனி ஐசிடி-யுஎக்ஸ்570: சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. 4 ஜிபி உள்ளேயே இருக்கிறது, மைக்ரோ எஸ்டி அட்டையும் போடலாம், யுஎஸ்பி முனை உடம்பிலிருந்தே வெளியே வரும். பேட்டி எடுக்கிறவர்களுக்கு அருமை. சுருக்காத பதிவு 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளக்கிறது என்ற கணக்கு), 16 பிட் வரைதான். பேச்சுக்கு அது தாராளம். என் குறை பேட்டரியில். உள்ளேயே பதித்த பேட்டரி. நாலைந்து வருடத்தில் அது தளர்ந்தால் கடையில் நுழைந்து வேறு இரண்டு வாங்கிப் போட முடியாது.

டாஸ்காம் டிஆர்-05எக்ஸ்: 2019-இல் வந்தது. இரண்டு ஏஏ பேட்டரி. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை. மைக் இரண்டும் ஓம்னி, அதாவது எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும். லெவலை நீங்கள்தான் வைக்க வேண்டும். 2024-இல் இதன் வாரிசாக டிஆர்-05எக்ஸ்பி வந்திருக்கிறது. அதில் 32 பிட் ஃப்ளோட்டும் யுஎஸ்பி-சியும் உண்டு.

ஜூம் எச்1 எசென்ஷியல்: இதுவும் 2024. இரண்டு ஏஏஏ, சுமார் 10 மணி நேரம் ஓடும் என்று கம்பெனி கணக்கு. எக்ஸ்-ஒய் மைக், முன்பக்கம் பார்த்து இடது வலது பிரித்துக் கேட்கும். பதிவது 32 பிட் ஃப்ளோட்டில். லெவல் வைக்கிற வேலை கிடையாது. மெனுவை வாய்விட்டுச் சொல்லும் வசதி இருப்பதால் பார்வையில்லாத நண்பர்களும் இதைத் தனியாகவே இயக்கலாம். இந்த விலையில் அது பெரிய விஷயம், எல்லாக் கம்பெனியும் செய்ய வேண்டியது.

பெரியவை வேறு இருக்கின்றன. ஜூம் எஃப்3 என்று 2022-இல் வந்தது: உள்ளங்கையளவு, வெளி மைக்குகளைச் செருக இரண்டு எக்ஸ்எல்ஆர் நுழைவாய், 32 பிட் ஃப்ளோட், இரைச்சல் ரொம்பக் குறைவு. ஆனால் அதில் மைக்கே இல்லை. தனியாக வாங்க வேண்டும், வயர் வேண்டும், ஸ்டாண்டு வேண்டும். ஆயா முன்னால் இவ்வளவையும் பரப்பினால் பாட்டு தொண்டையிலேயே நின்றுவிடும். வேண்டாம்.

உங்களுக்கு டாஸ்காம் அல்லது எச்1 எசென்ஷியல். நான் டாஸ்காம் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். ஓம்னி மைக்குக்குக் காற்றும் கைபடும் சத்தமும் குறைவாகத்தான் ஏறும், அதனால்.

9 நவம்பர் 2024

பேட்டரி பற்றி இன்னொருவர் கேட்டார்: "உள்ளேயே சார்ஜ் ஏறுகிறதுதானே வசதி, ஏன் இன்னும் ஏஏவைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?"

நகரத்தில் இருந்தால் உள்பேட்டரி வசதிதான். கிராமத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, திரையில் பேட்டரிக் குறி காலியாகிக் கண் சிமிட்டும்போது, கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற செல்தான் கை கொடுக்கும். பவர் பேங்கிலும் ஓட்டலாம், ஆனால் வயரைத் தொட்டால் மைக்கில் சத்தம் ஏறும். நான் மறுபடி சார்ஜ் ஏற்றுகிற எனிலூப் வகை நிக்கல் செல்களை வைத்திருக்கிறேன். சும்மா கிடந்தாலும் சார்ஜ் எளிதில் இறங்காது. ஒரு விஷயம் கவனியுங்கள்: சாதாரண செல் 1.5 வோல்ட், நிக்கல் செல் 1.2 வோல்ட். ரெக்கார்டர் மெனுவில் பேட்டரி வகையை மாற்றி வைக்காவிட்டால் நிறைய மிச்சம் இருக்கும்போதே 'காலி' என்று காட்டும்.

பதிவு ஓடும்போது பேட்டரி செத்தால் கோப்பை முறையாக மூடாமலே நின்றுவிடலாம். கணினியில் திறந்தால் நீளம் பூஜ்யம் என்று வரும். பயந்துபோய் அழித்துவிடாதீர்கள். உள்ளே ஒலி பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் கச்சா தரவாக இறக்கி, எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை சேனல் என்று சரியாகக் கொடுத்தால் திரும்பி வந்துவிடும். ஒரு கல்யாணத்தில் பதிந்த நலங்குப் பாட்டை நான் அப்படித்தான் மீட்டேன்.

10 நவம்பர் 2024

நம் வீடுகளில் பதிவுக்கு முதல் எதிரி சீலிங் ஃபேன். அடுத்தது ஃப்ரிட்ஜ். மூன்றாவது பக்கத்து வீட்டு சீரியல்.

ஃபேன் காற்று மைக்கில் நேராக இறங்கினால் 'புபுபு' என்று அடிக்கும். அதன் மோட்டார் முனகல் குரலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருளால் எடுக்கலாம் என்பார்கள். எடுத்தால் குரல் தகரக் குழாய் வழியாக வருகிற மாதிரி ஆகிவிடும். அணைத்துவிடுவதே வழி. ஆனால் வெயில் காலத்தில் எண்பது வயதுக்காரரை ஃபேன் இல்லாமல் எவ்வளவு நேரம் உட்கார வைப்பது? அதனால் விடியற்காலையில் பதியுங்கள். ஆறு மணிக்கு ஆயாவுக்கே குரல் தெளிவாக இருக்கும். காக்கை, குயில், கோழி எல்லாம் கூடவே விழும், அவை இருக்கட்டும். ஊர் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

அறையைத் தேர்ந்தெடுப்பதும் ரெக்கார்டரைத் தேர்ந்தெடுப்பது மாதிரிதான். வெறும் சிமெண்ட் அறை எதிரொலிக்கும். நெல் மூட்டை, பாய், துணிக் குவியல் இருக்கிற அறை நல்லது. ஓட்டு வீட்டுத் திண்ணை இருந்தால் அதைவிட நல்லது. மேசை மேல் ரெக்கார்டரை நேராக வைக்காதீர்கள், தட்டினால் இடி மாதிரி கேட்கும். துண்டை நாலாக மடித்து அதன் மேல் வையுங்கள். ஆயா கையில் வளையல் நிறைய இருந்தால், தாலாட்டு பாடும்போது தொட்டிலை ஆட்டுகிற நினைவில் கை தானாக ஆடும், கலகலவென்று விழும். கழற்றச் சொல்லாதீர்கள். ரெக்கார்டரைக் கொஞ்சம் மேலே, வாய்க்கு நேரே கொண்டுபோனால் போதும்.

உங்கள் போனைத் தூரமாக வையுங்கள், இல்லாவிட்டால் விமானப் பயன்முறையில் போடுங்கள். மைக் பக்கத்தில் கிடந்தால் சில சமயம் 'டிட்டிட்டிட்' என்று அலைவரிசை புகுந்துவிடும்.

16 நவம்பர் 2024

ஒப்பாரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரெக்கார்டர் தேர்வையே மாற்றுகிற விஷயம் இது.

நல்லபடியாக இருக்கிற வீட்டுக்குள் உட்கார்ந்து ஒப்பாரி பாடப் பல பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள். சாவு விழாத வீட்டில் பாடக் கூடாது என்பார்கள். வற்புறுத்தவும் கூடாது. "கழனிப் பக்கம் வா, பாடுறேன்" என்பார்கள். நான் பதிந்த ஒப்பாரியில் பெரும்பகுதி வரப்பு மேலும், கிணற்று மேட்டிலும், வேப்ப மரத்தடியிலும்தான். அங்கே ஃபேன் கிடையாது. காற்று உண்டு.

மைக் மேல் போடுகிற ஸ்பாஞ்சு மூடி வெளியில் அநேகமாக உதவாது. வாயிலிருந்து வருகிற 'ப', 'ஃ' ஊதலுக்கு மட்டும்தான் அது. வெளியில் ரோமம் வைத்த உறை வேண்டும், பூனைக்குட்டி மாதிரி இருக்குமே, அது. ரெக்கார்டர் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள், அந்த மாடலின் மைக்குக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்து. லோ-கட் என்ற பொத்தான் காற்றின் அடித்தொனியைக் குறைக்கும். பெண் குரலுக்கு அதைப் போடுவதால் இழப்பு பெரிதாக இல்லை.

அப்புறம், மார் அடித்துக்கொண்டு பாடினால் அந்தத் தாளம் திடும் திடும் என்று விழும். கருவியே அளவை ஏற்றி இறக்குகிற ஆட்டோ லெவல் போட்டிருந்தால் ஒவ்வோர் அடிக்கும் குரல் அமுங்கி மறுபடி எழும். 24 பிட்டில் பதிகிறவர்கள் ஆட்டோவை அணைத்துவிட்டு லெவலைத் தாழ்வாகவே வையுங்கள். இந்த இடத்தில் 32 பிட் ஃப்ளோட்டின் அருமையை மனதார ஒத்துக்கொள்கிறேன். பாடுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் மீட்டரைப் பார்க்கத் தேவையில்லை. அவர் அழும்போது எதிரில் இருப்பவர் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருந்திருக்கிறது.

17 நவம்பர் 2024

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். அப்படியென்றால் உங்களுக்கு எச்1 எசென்ஷியலோ டிஆர்-05எக்ஸ்பியோதான், பழைய 05எக்ஸ் வேண்டாம் என்று தோன்றுகிறது. இதுவரை லெவல் வைத்துப் பழகாதவர், பாடுகிறவர் சொந்த ஆயா, ஒருமுறை பாடியதை இன்னொருமுறை அதே மாதிரி பாட மாட்டார். இந்த மூன்றும் சேரும்போது லெவல் கவலை இல்லாத கருவிதான் சரி. என் சாய்வை மாற்றிக்கொள்கிறேன். கடைக்காரர் பரிந்துரை சரி. "வேற எதையும் பார்க்க வேணாம்" என்றாரே, அதை மட்டும் ஏற்கவில்லை.

24 நவம்பர் 2024

"96 கிலோஹெர்ட்ஸில் பதியலாமா, 192 இருக்கிற கருவி வாங்கலாமா" என்று வேறொருவர்.

ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐயாசா, பழைய பதிவுகளை டிஜிட்டலாக்கக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வழிகாட்டியிருக்கிறது. புதுப் பதிவுக்கும் நான் 48 தான் வைக்கிறேன். 24 பிட் ஸ்டீரியோ மணிக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும், 32 பிட் ஃப்ளோட் சுமார் 1.4 ஜிபி. 96-க்குப் போனால் இரண்டும் இரட்டிப்பாகும். வௌவால் சத்தம் பதிகிறவருக்கு உயர்ந்த எண் தேவை. நமக்கு அந்த இடத்தை இன்னொரு பிரதி வைக்கப் பயன்படுத்தலாம்.

பல கருவிகள் 2 அல்லது 4 ஜிபி வந்ததும் கோப்பை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும். 32 பிட் ஸ்டீரியோவில் 4 ஜிபி என்றால் ஏறக்குறைய 3 மணி நேரம். இரவு முழுக்கப் பதிந்து காலையில் கோப்புகள் பலவாக இருந்தால் பதற வேண்டாம், ஒட்டிக்கொள்ளலாம்.

1 டிசம்பர் 2024

இன்று ரெக்கார்டரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகிறேன்.

நான் ஆரம்பித்தது கேசட்டில். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி. கூத்தில் துரௌபதி சபதம் உச்சத்துக்கு வரும்போது 'டக்' என்று நாடா நிற்கும். பிறகு சின்ன வட்டத் தட்டில் பதிகிற மினிடிஸ்க் வந்தது. சோனி அதை 1992-இல் கொண்டுவந்தது. ஒலி சுத்தமாக இருந்தது. ஆனால் ஒரு மணி நேரப் பதிவைக் கணினியில் ஏற்ற, ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பதிய வேண்டும். 2006 வாக்கில் எடிரால் ஆர்-09, ஜூம் எச்4 மாதிரி ரெக்கார்டர்கள் வந்தபோதுதான் அட்டையை உருவிக் கணினியில் செருகினால் போதும் என்ற நிலை வந்தது.

இதற்கெல்லாம் முன்னால், 1910-களிலும் 20-களிலும், மொழியியலாளர் கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வுக்காகக் கிராமஃபோன் தட்டுகளில் பல மொழிக்காரர்களின் பேச்சைப் பதிந்தார்கள். தமிழும் அதில் உண்டு. பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையைச் சொல்ல வைத்தார்கள். ஒரு தட்டில் சில நிமிடம்தான் பிடிக்கும். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் பேசிய அந்தக் குரல்களை இன்று இணையத்தில் கேட்கலாம். எனக்கு அதைக் கேட்டால் மெய் சிலிர்க்கும்.

ஆர்னால்ட் பேக் என்ற டச்சுக்காரர் 1938-இல் தென்னிந்தியாவில் நாட்டார் பாட்டுகளைப் பதிந்தார். 1984-இல் இசை ஆய்வாளர்களான நஸீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளின் பிரதிகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குப் போனார்கள். எந்த ஊர், யார் பாடியது என்ற குறிப்பு இருந்ததால்தான் தேடிப் போக முடிந்தது. ஆகவே, ரெக்கார்ட் பொத்தானை அழுத்தியதும் நீங்களே பேசுங்கள்: தேதி, ஊர், ஆயா பெயர், அவர் பிறந்த ஊர், எந்தப் பாட்டு, யாரிடம் கற்றது. பதியச் சம்மதம் என்று அவர் வாயாலேயே ஒரு வார்த்தை. ரெக்கார்டர் கடிகாரத்தையும் சரியாக வையுங்கள். பேட்டரியைக் கழற்றி ரொம்ப நாள் வைத்தால் பலவற்றில் அது மறுபடி ஆரம்ப தேதிக்குப் போய்விடும்.

15 டிசம்பர் 2024

எச்1 எசென்ஷியல் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ரோம உறையும் சேர்த்து வாங்கினீர்களே, சந்தோஷம்.

மெமரி அட்டை: சந்தையில் போலி நிறைய. 128 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 இருக்கும். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காணாமல் போகும். எனக்கு ஒரு திருவிழாக் கடையில் வாங்கிய அட்டை அப்படிச் செய்தது. வாங்கியதும் கணினியில் முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துச் சோதியுங்கள், இதற்கென்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 32 ஜிபி உங்களுக்குப் போதும், இருபது மணி நேரத்துக்கு மேல் வரும். பிறகு ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

பதிவு முடிந்த அன்றே இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிட்டுத்தான் அட்டையைத் துடைக்க வேண்டும். ஒரு பிரதி வேறு வீட்டில் இருப்பது நல்லது. கோப்புப் பெயரில் தேதி, ஊர், பாட்டு வகை இருக்கட்டும்.

16 டிசம்பர் 2024

ஹெட்ஃபோன் வயர் உள்ளது வாங்குங்கள். புளூடூத் வேண்டாம், ரெக்கார்டரில் செருக முடியாது என்பதோடு ஒலியும் தாமதமாக வரும். விலை உயர்ந்தது அவசியமில்லை, காதை மூடுகிற மாதிரி இருந்தால் சரி. பதிவுக்கு முன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டால் ஃப்ரிட்ஜ் முனகல் தானாகத் தெரியும்.

12 ஜனவரி 2025

ஆயாவின் தாலாட்டை அனுப்பியிருந்தீர்கள். கேட்டேன். "ஆரடிச்சு நீ அழுத" என்று தொடங்குகிற இடத்தில் அவர் மெல்லத் தொண்டையைச் செருமுவதுகூடத் தெளிவாக இருக்கிறது. ரெக்கார்டர் ஒரு முழ தூரத்தில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதே தூரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு யோசனை. அவர் பாடி முடித்ததும் உடனே நிறுத்திவிடுகிறீர்கள். நிறுத்தாதீர்கள். பாட்டு முடிந்து பெருமூச்சு விட்டு, "இது எங்கம்மா எங்க கடைசித் தம்பிக்குப் பாடுனது" என்று ஏதாவது சொல்வார் பாருங்கள், அதற்காகவே ஓடவிட வேண்டும். அட்டையில் இடம் இருக்கிறது.

6 ஏப்ரல் 2025

கூத்து வருகிறது என்றீர்கள். வீட்டுப் பதிவுக்குச் சொன்னது எதுவும் அப்படியே இங்கே பொருந்தாது.

இப்போது பல இடங்களில் மேடைக்கு மேலே மைக்குகளைத் தொங்கவிட்டு, குழாய் ஸ்பீக்கரில் ஊருக்கே விடுகிறார்கள். ஸ்பீக்கர் பக்கம் உட்கார்ந்து பதிந்தால் தகரச் சத்தம்தான் கிடைக்கும். முகவீணை என்கிற சின்ன ஊதுகருவி அதில் காதைக் குத்தும், கட்டியங்காரன் அடிக்கிற பேச்சுக்குக் கூட்டம் சிரிப்பதும் கேட்காது. எக்ஸ்-ஒய் மைக்கின் பலம் இங்கேதான். குழாய்க்கு முதுகைக் காட்டி, பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கவாட்டில், ஆட்ட இடத்தைப் பார்த்து வையுங்கள். மிருதங்கத்துக்கு ரொம்பக் கிட்டே போகாதீர்கள், மைக்கின் எல்லை பற்றி முதலில் எழுதியது நினைவிருக்கட்டும். ஆர்மோனியம், முகவீணை, தாளம், பாட்டு எல்லாம் ஒரே அளவில் காதுக்குக் கேட்கிற இடத்தில் நீங்களே போய் நின்று பாருங்கள். காதுக்குச் சரியாக இருக்கிற இடம் மைக்குக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

மைக்செட்காரரிடம் சாயந்திரமே பேசி டீ வாங்கிக் கொடுத்து நட்பாகிவிடுங்கள். மிக்சரில் லைன் அவுட் (ஒலியை வேறு கருவிக்கு அனுப்பும் முனை) இருந்தால் வயர் போட்டு எடுக்கலாம். லைன் அளவு மைக் அளவைவிடப் பல மடங்கு பலமானது. ரெக்கார்டரில் நுழைவை லைனுக்கு மாற்றாமல் செருகினால் கிழியும், இங்கே 32 பிட்டை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் மட்டும் எக்காரணம் கொண்டும் செருகாதீர்கள், ரெக்கார்டர் புகைந்துவிடும். என்னைக் கேட்டால், லைன் அவுட்டில் பாட்டு சுத்தமாக வரும், ஆனால் சலங்கையும் மண்ணில் கால் படுவதும் கூட்டமும் வராது. ஒரே கருவிதான் என்றால் மைக்கையே நம்புங்கள்.

இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை போகும். புது செல் போட்டுத் தொடங்கி, நடுவில் கட்டியங்காரன் வெகுநேரம் நகைச்சுவை பேசும் கட்டத்தில் ஒருமுறை மாற்றிவிடுங்கள். வாத்தியார்களிடமும் ஜமா என்கிற கூத்துக் குழுவிடமும் முன்பே அனுமதி கேளுங்கள். பதிந்ததன் பிரதியை அவர்களுக்குக் கட்டாயம் கொடுங்கள். இவர்கள் பாட்டை எடுத்துப்போனவர்கள் பலர் உண்டு, திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் குறைவு.

20 ஏப்ரல் 2025

கடைசியாகக் கேட்டது: ஆயா பாட்டைச் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்புங்கள். மூலக் கோப்பைத் தொடாமல், அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து, குரலை வேண்டிய அளவுக்கு ஏற்றி, எம்பி3 ஆக்குங்கள். 32 பிட் ஃப்ளோட் கோப்பை அப்படியே அனுப்பினால் சில போன்களில் ஓடாது. ஓடினாலும் சத்தம் ரொம்ப மெலிதாக இருக்கலாம். குரல் செய்தியாக இல்லாமல் ஆவணமாக இணைத்தால் மேற்கொண்டு தரம் குறையாமல் போகும். ஒப்பாரியை மட்டும் அனுப்புவதற்கு முன் ஆயாவிடம் கேட்டுவிடுங்கள். தாலாட்டைக் கொடுக்கச் சம்மதிக்கிற பலர் அதைக் கொடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

ஆயாவுக்கே ஒரு பிரதி வேண்டும். பென் டிரைவ் செருகுகிற சின்ன ரேடியோ ஒன்று வாங்கி அதில் போட்டுக் கொடுங்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் அவர் பாட்டு வரும் என்று அதன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.